பட்டப்பேர் வச்சா பிள்ளை கெட்டுப்போயிருமா?

தொண்டிக்காரன் | 12 ஜூன் 2025, இரவு 9.40

பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள்தான் ஆகுது. அதுக்குள்ள ரெண்டு மூணு வீட்டில இதே பேச்சு: "பிள்ளைய கேலி பண்றாங்களாம், கவுன்சிலிங் கூட்டிட்டுப் போகணுமாம்." தொண்டியில இருந்து தனுஷ்கோடி வரைக்கும் பட்டப்பேர் இல்லாத ஆள் எவன் இருக்கான்? படகுல ஏறின முதல் நாளே ஒரு பேர் ஒட்டிரும், சொந்தப்பேர் ரேஷன் கார்டோட சரி. அதெல்லாம் தாங்கித்தான் எல்லாரும் ஆளாகியிருக்காங்க. இதைப் பெருசாக்கினா பிள்ளைதான் நோஞ்சானாகும்னு நான் சொல்றேன். இல்ல, பாதிப்பு உண்டுன்னா என்ன பாதிப்பு, எத்தனை நாளைக்கு, எதை வச்சுத் தெரியும்? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. உபதேசம் வேணாம்.

மண்டபம் ஆலோசகர் | 12 ஜூன், இரவு 11.05

அண்ணே, படகில் ஆளுக்கு ஆள் பேர் வைக்கிறார்கள், ஆளுக்கு ஆள் திருப்பியும் கூப்பிடுகிறார்கள். அதில் யாரும் நசுங்குவதில்லை. இங்கே பேசுவது வேறு. நார்வேயில் டான் ஓல்வேயஸ் என்பவர் 1970களிலேயே பள்ளிப் பிள்ளைகளைச் சீண்டுவதை ஆராய்ந்து மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்கிறவன் கை ஓங்கியிருப்பது. மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் பார்க்கத் தவறுகிறார்கள். கை ஓங்குவதற்கு உடம்பு வலு வேண்டியதில்லை. நாலு பேர் ஒரு பக்கம், ஒருத்தன் ஒரு பக்கம் என்றாலே போதும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இரண்டு. அந்தப் பேரைச் சொல்லும்போது பிள்ளையால் அதே தொனியில் திருப்பிச் சொல்ல முடிகிறதா? "வேணாம்டா" என்று சொன்னால் அடுத்த நாள் நிற்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் விட்டுவிடலாம். வலைத்தொழில் வீட்டுப் பையன் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கிற நாலு பேரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்துகிறார்கள், ஒருத்தரும் வாய் திறப்பதில்லை, தினமும் நடக்கிறது என்றால் அது கொடுமை. அங்கே பேரே வைக்கவில்லை, கவனியுங்கள்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டீர்கள். பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டு ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை ஆயுள் முழுக்கப் பின்தொடர்கிற ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைக்கு 7 வயதிலும் 11 வயதிலும், மற்றப் பிள்ளைகள் இதைச் சீண்டுகிறார்களா என்று பெற்றோரிடம் கேட்டுப் பதிந்து வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் 7,771 பேரை எடுத்து 50 வயது வரை பார்த்ததன் முடிவு 2014-இல் வந்தது. அடிக்கடி சீண்டப்பட்டவர்களிடம் நடுவயதிலும் மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் கூடுதலாக இருந்தன. துணை, நண்பர், கைமாற்றுக் கேட்க ஒரு ஆள் என்ற வட்டம் சின்னதாக இருந்தது. வருமானமும் குறைவு. சீண்டல் நின்று நாற்பது வருஷத்துக்கு அப்புறம் உள்ள நிலைமை இது.

தொண்டிக்காரன் | 13 ஜூன், காலை 6.20

வெள்ளைக்காரன் ஊர்க் கணக்கு நமக்கு ஒத்து வருமா? ஏழை வீட்டுப் பிள்ளையத்தான் சீண்டுவாங்க. ஏழை வீட்டுப் பிள்ளை பெருசானாலும் கஷ்டப்படத்தான் செய்யும். இதுல சீண்டல் மேல எப்படிப் பழி போடுறது? முதல்லயே சுணங்கிப்போன பிள்ளையத்தான் தேடி ஓட்டுவாங்கன்னும் சொல்லலாமே.

மண்டபம் ஆலோசகர் | 13 ஜூன், மதியம் 1.30

சரியான கேள்வி, ஆராய்ச்சிக்காரர்களும் முதலில் இதைத்தான் கேட்டுக்கொண்டார்கள். குடும்ப வசதி, பிள்ளையின் அறிவுத்திறன், சின்ன வயதிலேயே இருந்த மனக்கோளாறு எல்லாவற்றையும் கழித்துத்தான் மேலே சொன்ன முடிவைக் கொடுத்தார்கள். இன்னும் உறுதியான சான்று இரட்டையரிடம் கிடைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 95-இல் பிறந்த இரட்டைப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒரே கரு பிரிந்து பிறந்தவர்களுக்கு ஒரே வீடு, ஒரே பெற்றோர். அதில் ஒன்று சீண்டப்பட்டு மற்றது தப்பித்த ஜோடிகளை எடுத்துப் பார்த்தபோது, சீண்டப்பட்ட பிள்ளைக்குத்தான் பயமும் அழுகையும் ஒதுங்கலும் கூடியிருந்தன. வறுமையையும் பரம்பரையையும் காரணம் காட்ட அங்கே வழியில்லை.

சுணங்கிய பிள்ளையைத் தேடிப் பிடிப்பார்கள் என்பதும் உண்மைதான். சுணக்கம் சீண்டலை இழுக்கும், சீண்டல் சுணக்கத்தைக் கூட்டும். அதனால்தான் தானாகச் சரியாகும் என்று விட முடியாது. உடம்பிலும் இது தெரியும். பயத்தில் சுரக்கிற கார்டிசால் எகிறி நிற்கும், தூக்கம் கெடும், அடிக்கடி காய்ச்சல் பிடிக்கும்.

குழந்தை மருத்துவர், ராம்நாடு | 13 ஜூன், இரவு 10.15

கார்டிசால் விஷயத்தில் ஒரு திருத்தம். முதல் கொஞ்ச நாள் எகிறும். வருஷக்கணக்கில் சீண்டல் நடந்தால் நிலைமை தலைகீழாகும். மேலே சொன்ன இரட்டையரிலேயே இதை அளந்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் பதற்றம் தருகிற ஒரு வேலையைக் கொடுத்தபோது, தப்பித்த பிள்ளைக்குக் கார்டிசால் ஏறி இறங்கியது, சீண்டப்பட்ட பிள்ளைக்கு ஏறவே இல்லை. உடம்பு எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் எழவில்லை. தொண்டிக்காரர் சொன்ன "தாங்கித்தான் ஆளாகியிருக்காங்க" என்பது இதுதான். வெளியே பார்க்கத் தாங்கிக்கொண்ட மாதிரி இருக்கும், உள்ளே எச்சரிக்கை மணி வேலை செய்யாது.

புறநோயாளிப் பிரிவில் இது எந்த வேஷத்தில் வரும் என்று எழுதுகிறேன், பெற்றோருக்குப் பயன்படும்.

முதலிடம் வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி, காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் வரும், வேன் போனதும் குறையும், பத்து மணிக்கு இட்லி கேட்கும். சனி ஞாயிறு வராது, ஞாயிறு சாயந்திரமே தொடங்கினாலும் தொடங்கும். இது நடிப்பில்லை, குடல் உண்மையிலேயே இறுகி வலிக்கிறது. 30 ஆய்வுகளை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்த 2013 கணக்கில், சீண்டப்படும் பிள்ளைகளுக்குத் தலைவலி, வயிற்றுவலி மாதிரித் தொல்லைகள் மற்றவர்களைப்போல இரண்டு மடங்காவது இருந்தன.

இங்கே நடக்கிற தவறு இது. பூச்சி மாத்திரை ஒன்று, அப்புறம் கேஸ் மருந்து, அப்புறம் ஸ்கேன், அப்புறம் மதுரைக்குப் போய் இன்னொரு ஸ்கேன். எல்லாம் நார்மல் என்று வந்ததும் "பொய் சொல்றான்" என்று முதுகில் ஒன்று. பிள்ளைக்கு வீட்டிலும் ஆள் இல்லை என்றாகிவிடும்.

அதற்காக எல்லா வயிற்றுவலியையும் மனசின் மேல் போடவும் கூடாது. எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், தொப்புளை விட்டு ஒரு பக்கமாக, முக்கியமாக வலது அடிவயிற்றில் நிற்கிற வலி: இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும், மனசைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இரண்டாவது சிறுநீர். பள்ளிக் கழிப்பறைதான் பெரும்பாலும் சீண்டல் நடக்கிற இடம். அங்கே போகக்கூடாது என்று பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காது. நம் வெயிலில், இந்தப் புழுக்கத்தில், ஏழெட்டு மணி நேரம். மாலையில் சிறுநீர் அடர் மஞ்சளாக, எரிச்சலோடு போகும். பெண் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பத் தொற்று, எல்லாருக்கும் மலச்சிக்கல். ஆறு மாதத்துக்கு மேல் படுக்கை நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைத்தால், சர்க்கரையும் சிறுநீர்த் தொற்றும் இல்லையென்று சோதித்துவிட்டு, அடுத்த கேள்வி பள்ளிக்கூடத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

கீழக்கரை டீச்சர் | 14 ஜூன், மாலை 5.50

டாக்டர் தண்ணீர் குடிக்காததைச் சொன்னது ரொம்பச் சரி. சாப்பாட்டு டப்பாவையும் சேர்த்துப் பாருங்கள். முழுசாகத் திரும்பி வந்தால் பசியில்லை என்று முடிவு கட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் இருக்கலாம். காலியாகவே வருகிறது, ஆனால் வீட்டுக்கு வந்ததும் கொலைப்பசி என்றால் வேறு யாரோ பிடுங்கிச் சாப்பிடுகிறார்கள். சட்டையில் பித்தான் அறுந்திருப்பது, ஜாமெட்ரி பாக்ஸ் மாதம் ஒன்று தொலைவது, நோட்டில் நடுப்பக்கம் கிழிந்திருப்பது, வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவது. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சாக்கு இருக்கும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம்.

வகுப்பில் பாடம் நடக்கும்போது ஒன்றும் நடக்காது, அதனால் "என் கிளாஸ்ல அப்படி எதுவும் இல்லையே" என்று ஆசிரியர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மணி அடித்து அடுத்த ஆசிரியர் வருகிறவரை உள்ள இடைவெளி, தண்ணீர்க் குழாயடி, கழிப்பறை வாசல், சைக்கிள் ஸ்டாண்ட், டியூஷன் முடிந்து வருகிற சந்து, வேனின் கடைசி சீட்டு. பெரியவர் கண் படாத இடமும் நேரமும்தான் கணக்கு.

எங்கள் பக்கத்தில் இன்னொன்று உண்டு. வாப்பா சவுதியிலோ துபாயிலோ இருப்பார். பிள்ளை உம்மாவிடம் சொன்னால் உம்மா அன்றைக்கு ராத்திரி போனில் சொல்லுவாங்க, வாப்பா அங்கே தூங்க மாட்டார், லீவு போட முடியாமல் தவிப்பார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியும், அதனால் வாயைத் திறக்காது. சொல்லவில்லை என்று கோபப்படுகிற தாய்மார்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

மண்டபம் ஆலோசகர் | 14 ஜூன், இரவு 8.10

டீச்சர் எழுதியதோடு சேர்த்து: எதிரே உட்காரவைத்து "என்ன நடந்துச்சு, சொல்லு" என்றால் வராது. கருவாடு ஆய்கிறபோது, வலையில் சிக்கு எடுக்கிறபோது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறபோது, முகம் பார்க்காத நேரத்தில் வரும். கேள்வியும் நேராகப் பிள்ளையைப் பற்றி இருக்க வேண்டாம். "உங்க கிளாஸ்ல யாரையாவது ஓட்டுவாங்களா? யார் ஓட்டுவா? அப்ப மத்தவங்க என்ன செய்வாங்க?" கடைசியில் "உன்கிட்ட எப்படி?" இந்த வரிசை மாறக்கூடாது.

சொன்னதும் வாயில் வரக்கூடாதது: "நீ என்ன செஞ்சே?" சான்ட்ரா கிரகாம், ஜானா ஜுவோனன் இருவரும் 1998-இல் காட்டியது இது. "அந்த இடத்துக்குப் போனது தப்பாப் போச்சு" என்று நினைக்கிற பிள்ளை மீண்டுவிடும், ஏனென்றால் நாளை வேறு வழியில் போகலாம். "நான் இப்படிப்பட்டவன், அதனாலதான்" என்று நினைக்கிற பிள்ளைக்குத்தான் தனிமையும் பதற்றமும் அதிகம். நம் முதல் கேள்வி பிள்ளையை இரண்டில் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று யோசியுங்கள். சொல்ல வேண்டியது சின்னது: "நீ சொன்னது நல்லது. தப்பு உன்மேல இல்ல. உன்னக் கேக்காம நான் எதுவும் செய்யமாட்டேன்." மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னால் காப்பாற்றியாக வேண்டும். உயிருக்கு ஆபத்தோ பாலியல் சீண்டலோ இருந்தால் மட்டும், "இதை நான் சொல்லியே ஆகணும், ஏன்னா..." என்று பிள்ளையிடமே முதலில் சொல்லிவிட்டுச் செய்யலாம்.

தொண்டிக்காரன் | 15 ஜூன், காலை 7.00

தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போயாச்சு, கரையில சும்மா இருக்கேன். ஒரு சந்தேகம். திருப்பி ஒண்ணு குடுன்னு சொல்லித்தானே வளக்குறோம்? ஒரு தடவை நல்லாக் குடுத்தா அவன் கிட்ட வருவானா?

குழந்தை மருத்துவர், ராம்நாடு | 15 ஜூன், மதியம் 2.25

சம பலம் இருந்தால் சில நேரம் நிற்கும். சம பலம் இருந்திருந்தால் சீண்டலே நடந்திருக்காது. ஒருத்தன் நாலு பேரை அடிக்கப் போய் வாங்கிக்கொண்டு வருவான், அல்லது அவன் அடித்தது மட்டும் ஆசிரியர் கண்ணில் பட்டு அவனுக்குத்தான் டி.சி. மிரட்டல் வரும்.

அதைவிடப் பெரிய கவலை வேறு. வட கரோலினாவில் 1,420 பிள்ளைகளை இருபது வயதுகளின் நடுப்பகுதி வரை பின்தொடர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சீண்டப்பட்டவர், சீண்டியவர், இரண்டுமாக இருந்தவர் என்று பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்குத்தான் மிக மோசமான விளைவு: மனச்சோர்வு, திடீர்ப் பதற்றத் தாக்கு, ஆண்களிடம் தற்கொலை எண்ணம். வாங்கிய அடியைத் தன்னைவிடச் சின்னவன்மேல் இறக்குகிற பிள்ளை இந்தக் கூட்டத்தில் சேர்கிறது. வீட்டில் தம்பி தங்கையை அடிப்பது திடீரென்று கூடினால் அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பி அடிப்பதற்குப் பதிலாகச் சொல்லிக்கொடுக்கக் கூடியது: நின்று, நிமிர்ந்து, சத்தமாக ஒரே வாக்கியம், "இது எனக்குப் பிடிக்கல, நிறுத்து." சொல்லிவிட்டு ஆள் இருக்கிற பக்கமாக நடக்க வேண்டும், ஓடக்கூடாது. வீட்டில் பத்துத் தடவையாவது வாய்விட்டுச் சொல்லிப் பழகாமல் களத்தில் வராது.

ஏர்வாடி பக்கம் | 16 ஜூன், இரவு 9.00

எங்க பிள்ளை ராத்திரி அலறி எழுந்திரிக்குது, பள்ளிக்கூடம் பேரைச் சொன்னா நடுங்குது, பேச்சே குறைஞ்சுபோச்சு. பெரியவங்க காத்துக் கருப்பு பட்டிருக்கு, தர்காவுல தங்க வைங்கன்னு சொல்றாங்க. இதுக்கு என்ன சொல்றது?

குழந்தை மருத்துவர், ராம்நாடு | 16 ஜூன், இரவு 10.40

துவா செய்ய யாரும் தடை சொல்லவில்லை. பெரியவர்களோடு சண்டையும் போடாதீர்கள், பிள்ளைக்கு அவர்கள் வேண்டும். ஆனால் மருந்தும் சேர்ந்து போக வேண்டும், தங்கவைப்பது கூடாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தனியார் காப்பகத் தீயில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. "தவா-துவா" என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்துக் கொடுக்கிற அரசுத் திட்டம் அங்கேயே நடந்திருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். இன்றைக்கே பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இரவு பகல் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பேச்சு குறைந்தது, நடுக்கம், அலறல் மூன்றும் சேர்ந்தால் சாதாரணக் கேலியோடு நிற்கவில்லை என்று நினைத்து விசாரியுங்கள். உடம்பைத் தொட்டுச் சீண்டியிருக்கலாம். அப்படி இருந்தால் அது போக்சோ, பிள்ளைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்கிற விஷயம் இல்லை.

மண்டபம் ஆலோசகர் | 18 ஜூன், இரவு 9.30

முதல் நாள் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. எதைச் சொல்லிச் சீண்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் புண்ணின் ஆழம் மாறும். "குண்டன்" என்பதற்கும் "அகதி" என்பதற்கும் வித்தியாசம் உண்டு. இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளையை "அகதி, உங்க நாட்டுக்குப் போ" என்று சொல்லும்போது, பிறந்ததிலிருந்து மண்டபத்தை விட்டு வெளியே போகாத பிள்ளைக்குப் போக வேறு நாடு இல்லை. 2021-இல் அரசு "மறுவாழ்வு முகாம்" என்று பேரை மாற்றியது, வகுப்பறையில் பழைய பேர்தான் ஓடுகிறது. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன மீனவர் வீட்டுப் பிள்ளையிடம் "உங்கப்பன் ஜெயில்லதானே" என்பதும் இந்த வகைதான். சாதியைச் சொல்வது இதில் மிகக் கொடியது. பிள்ளை தன்னை மட்டும் வெறுப்பதோடு நிற்காது, அம்மாவின் பேச்சை, அப்பாவின் தொழிலை, வீட்டு வாசனையைக் கூட வெறுக்கத் தொடங்கும். பெற்றோர் கூட்டத்துக்கு "நீங்க வராதீங்க" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதன் அர்த்தம் பல நேரம் இதுதான்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சக மாணவர்களே ஒரு மாணவரையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதற்கு முன்னால் நடந்தது பள்ளியில் பல நாள் சாதிச் சீண்டல்தான். அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கலர் கயிறு கட்டுவதற்குத் தடை என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அவிழ்த்தால் போதாது, வகுப்பில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதையும் ஆசிரியர் முடிவு செய்ய வேண்டும். சாதிப் பேரைச் சொல்லித் திட்டியிருந்தால், சொன்ன வார்த்தையை அப்படியே, மழுப்பாமல் புகாரில் எழுத வேண்டும். "தகாத வார்த்தை" என்று எழுதினால் புகார் அங்கேயே செத்துப்போகும்.

முகாம் பெற்றோர் புகார் கொடுக்கத் தயங்குவார்கள், எதற்கும் அதிகாரிகளின் தயவு வேண்டிய வாழ்க்கை. அவர்கள் சார்பாகக் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம், பெற்றோராக இருக்க வேண்டியதில்லை.

கீழக்கரை டீச்சர் | 21 ஜூன், மாலை 6.15

பள்ளியில் என்ன கேட்க வேண்டும் என்று தனிச்செய்தியில் நிறையப் பேர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

போவதற்கு முன்னால் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு வரி: தேதி, மணி, இடம், சொன்ன வார்த்தை அல்லது செய்த செயல், பார்த்தவர். கிழிந்த நோட்டையும் அறுந்த சட்டையையும் அப்படியே எடுத்து வையுங்கள், தைத்துவிடாதீர்கள்.

மனு ஒரு பக்கம் போதும், இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து மற்றதில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் எதுவும் நடக்காது. கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். இடம் மாற்றுவதென்றால் சீண்டுகிறவர்களை மாற்றுங்கள், என் பிள்ளையை அல்ல. குறிப்பில் உள்ள அந்த இடத்தில், அந்த நேரத்தில் ஒரு ஆசிரியர் நிற்கட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை நான் வருகிறேன், அதுவரை நடந்ததைச் சொல்லுங்கள். இந்த மூன்றையும் மறுக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் காரணம் கிடைக்காது.

பள்ளிகள் செய்கிற பெரிய தவறு இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்துக் கைகுலுக்கச் சொல்வது. சண்டை என்றால் சமாதானம் சரி. கொடுமையில் ஒரு பக்கம்தான் தவறு. எதிரே நின்று "இனி ஃப்ரெண்ட்ஸ்" என்று சொல்லவைத்தால், வெளியே போனதும் "மாட்டிவிட்டியா" என்று இரட்டிப்பாகக் கிடைக்கும். தனித்தனியாகப் பேச வேண்டும், சீண்டியவர்களையும் ஒவ்வொருத்தராக. கூட்டமாகக் கூப்பிட்டால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பார்கள். காலை வழிபாட்டில் மைக்கில் எச்சரிப்பதும் இதே கதைதான், யாருக்காக என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அப்பாவோ மாமாவோ அந்தப் பையன் வீட்டு வாசலில் போய் நிற்கவே கூடாது. நம் ஊரில் அது ராத்திரிக்குள் இரண்டு தெருச் சண்டையாகிவிடும், பிள்ளை "என்னாலதான்" என்று இன்னும் சுருங்கும்.

பள்ளி அசையவில்லை என்றால் கல்வித்துறையின் உதவி எண் 14417. சீண்டுகிறவர் ஆசிரியரே என்றால் வேறு பாதை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடியையும் மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது.

மண்டபம் ஆலோசகர் | 22 ஜூன், காலை 11.00

பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. கனடாவில் விளையாட்டு மைதானங்களில் தொலைவிலிருந்து படம்பிடித்துப் பார்த்த ஆய்வு 2001-இல் வந்தது. பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது சம்பவத்தில் வேறு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், ஐந்தில் ஒன்றில்தான் யாராவது குறுக்கே வந்தார்கள். அப்படி வந்தபோது பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்து விநாடிக்குள் நின்றுபோனது. பத்து விநாடி! ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான கிவா என்கிற சீண்டல் தடுப்புத் திட்டம் இந்த வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைத்தான் முதலில் பிடிக்கிறது.

வருஷம் கழித்து வந்து பேசுகிறவர்கள் அடித்தவனைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வார்கள். "அத்தனை பேர் இருந்தாங்க, ஒருத்தர் கூட" என்று அங்கேதான் நிற்பார்கள். குறுக்கே விழுந்து தடுக்கிற தைரியம் எல்லாப் பிள்ளைக்கும் வராது, கேட்கவும் வேண்டாம். சிரிக்காமல் இருக்கலாம். முடிந்ததும் போய்ப் பக்கத்தில் உட்காரலாம், "அவன் செஞ்சது தப்பு" என்று சொல்லலாம். உங்கள் பிள்ளை சீண்டப்படாத பிள்ளை என்றால் வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதுதான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, பள்ளிகள் கவனிக்க வேண்டும். வகுப்பில் சீண்டல் மொத்தமாகக் குறைந்து ஒரே ஒரு பிள்ளை மட்டும் மிஞ்சினால், அந்தப் பிள்ளையின் நிலை முன்னைவிட மோசமாகும். முன்பு துணைக்கு நாலு பேர் அடிவாங்கினார்கள், இப்போது "எல்லாருக்கும் நின்னுபோச்சு, எனக்கு மட்டும் நிக்கல, அப்ப நான்தான் சரியில்ல."

தொண்டிக்காரன் | 22 ஜூன், இரவு 9.15

மூக்கைப் பொத்துறதுன்னு முதல் நாள் எழுதினீங்களே, அதை வீட்டுல வாசிச்சேன். அக்கா மகன் எந்திரிச்சு உள்ள போயிட்டான். இப்ப விசாரிச்சா, அதெல்லாம் போன வருஷத்தோட நின்னுபோச்சாம். பெஞ்ச் மாத்தியாச்சு, அந்தப் பயலுக வேற பள்ளிக்கூடம் போயிட்டாங்க. ஆனா இவன் இன்னும் பள்ளிக்கூடத்துக்கு முந்தி ரெண்டு தடவ குளிக்கிறான், யார் கிட்டயும் சேர மாட்டேங்குறான். நின்னதுக்கு அப்புறம் எதுக்கு இது?

மண்டபம் ஆலோசகர் | 22 ஜூன், இரவு 11.50

அண்ணே, கேட்டது நல்லது. சீண்டலை நிறுத்துவது ஒரு வேலை, அது விட்டுப்போனதை ஆற்றுவது இன்னொரு வேலை. இரண்டாவதை யாரும் செய்யாததால்தான் 50 வயது வரை போகிறது. மூக்கைப் பொத்தினவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் சொன்னது பிள்ளைக்குள் உட்கார்ந்துவிட்டது. இப்போது தூரத்தில் இரண்டு பேர் எதற்கோ சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று படும். யாராவது பேச வந்தால் "எதுக்கு வர்றான்?" என்று சந்தேகம். ஒதுங்குவான். ஒதுங்குவதால் நண்பன் கிடைக்க மாட்டான், நண்பன் இல்லாததால் நினைத்தது சரிதான் என்று ஆகிவிடும்.

குளியலைத் தடுக்காதீர்கள், கிண்டலும் வேண்டாம். "நாத்தம் இல்லடா" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் உதவாது, அஞ்சு நிமிஷத்தில் மறுபடி கேட்பான். "அவங்க சொன்னது இன்னும் காதுல கேக்குதா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

அடுத்தது ஒரே ஒரு நண்பன். பத்துப் பேர் வேண்டாம், ஒருத்தன் போதும். உறுதியான நட்பு ஒன்று இருந்தால் பாதிப்பு கணிசமாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வகுப்பில் அமைதியான ஒரு பையனைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சும்மா உட்காரவைத்துப் பேசச் சொன்னால் இரண்டு பேரும் தவிப்பார்கள். தூண்டில், கேரம், பழைய மோட்டாரைப் பிரிப்பது என்று கைக்கு வேலை கொடுங்கள். முதல் தடவை ஒரு மணி நேரம், நன்றாகப் போகும்போதே முடித்துவிடுங்கள். பள்ளிக்கு வெளியே ஒரு கூட்டமும் வேண்டும், நீச்சலோ சிலம்பமோ கபடியோ. அங்கே அவன் கதை யாருக்கும் தெரியாது.

பள்ளிக்குப் போகவே மறுக்கிற பிள்ளை என்றால் வீட்டில் வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக் கடினமாக்கும். வாசல் வரை, பிறகு தலைமையாசிரியர் அறையில் அரை மணி, பிறகு பிடித்த பாடம் ஒன்று, பிறகு மதியம் வரை என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஒரு படியில் அழுகை அடங்கிய பிறகு அடுத்தது. சீண்டல் நின்றதை உறுதி செய்யாமல் இதைத் தொடங்கக்கூடாது.

குழந்தை மருத்துவர், ராம்நாடு | 23 ஜூன், காலை 6.45

அந்தப் பையனின் குளியல் நேரம் கூடிக்கொண்டே போனால், தோல் வெடித்தால், குளிக்க விடாவிட்டால் பதறினால், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அது தனி நோயாகத் திரும்பியிருக்கலாம். பேசிச் சரிசெய்கிற மனநலச் சிகிச்சையிலேயே நன்றாகக் குறையும், சிலருக்கு மாத்திரை சேர வேண்டியிருக்கும்.

எல்லாப் பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை தனக்குப் பிடித்த பொருளை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பது, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது, நாள்பட்ட அழுகைக்குப் பிறகு திடீரென்று காரணமில்லாமல் அமைதியாவது: அன்றைக்கே நேராகக் கேளுங்கள், "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்றால் அன்றிரவு தனியே விடக்கூடாது. பூச்சிமருந்தையும் பாட்டி தாத்தாவின் மாத்திரைகளையும் பூட்டி வைத்துவிட்டு, காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரி.

கீழக்கரை டீச்சர் | 29 ஜூன், இரவு 8.00

வாட்ஸ்அப் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தார்கள். குரூப்பிலிருந்து உடனே வெளியே வராதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். அனுப்பியவரின் எண்ணும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பேர் மட்டும் தெரிந்தால் போதாது, யார் வேண்டுமானாலும் பேரை மாற்றிச் சேமிக்கலாம். எடுத்து முடித்த பிறகு வெளியேறலாம். போனைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள், அடுத்த தடவை சொல்லவே மாட்டாது.

பிள்ளையின் ஆபாசப் படமோ, ஒட்டி வெட்டிச் செய்த படமோ என்றால் விதி வேறு. அதை ஆசிரியருக்கும் சொந்தக்காரருக்கும் "ஆதாரம்" என்று அனுப்பவே கூடாது, அப்படி அனுப்புவதே குற்றம். போனோடு நேரே காவல் நிலையம் போங்கள்.

ஏர்வாடி பக்கம் | 30 ஜூன், காலை 9.10

மனுவை இங்கிலீஷ்ல எழுதணுமா? எங்களுக்கு அவ்வளவு வராது. ஆஸ்பத்திரி சீட்டையும் சேத்து வைக்கலாமா?

கீழக்கரை டீச்சர் | 30 ஜூன், மாலை 4.30

தமிழிலேயே எழுதுங்கள், பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே இருக்க வேண்டும், மொழிபெயர்த்தால் காரம் போய்விடும். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை மட்டும் வையுங்கள், அசல் உங்களிடம் இருக்கட்டும். மனநலப் பிரிவுச் சீட்டாக இருந்தால் அதைப் பள்ளியில் கொடுக்க வேண்டாம், அது ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் கையில் போகும். "மருத்துவ ஆலோசனையில் இருக்கிறாள்" என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதி முடித்ததும் பிள்ளைக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்கிற வரியை எடுத்துவிட்டு அப்புறம் கொண்டுபோய்க் கொடுங்கள்.